மூடி பொருந்தினால் பெட்டி பாடும்



இசைக்கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆசை இளமைப் பருவத்தில் பலருக்கும் எழுவது இயல்பு. சிறப்பாகக் கித்தாரின்மீது நம் இளைஞர்கள் கொண்டுள்ள விருப்பம் நாம் அறிந்ததே. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்குத் தனி மதிப்பளித்ததோடு, தகுந்த அதிகாரத்தின் இசைவோடு பிற கருவிகளையும் வழிபாட்டில் பயன்படுத்த வழிசெய்தது. அதன் பின்னர் பல பங்குகளின் பாடகர் குழுக்களில் கித்தார் இடம்பெற்றது. ஆனால் விருப்பம் இருக்கும் எல்லா இல்லங்களிலும் அதனை வாங்கும் வசதி இருப்பதில்லை. ஆகவே, வீட்டில் கிடைக்கும் மரப்பெட்டி ஒன்றில் ஒரு தண்டினைப் பொருத்தி, மூன்று நரம்புகளைக் கட்டி, கித்தார் செய்ய முனையும் சிறுவர்கள் உண்டு.

அவ்வாறு முனைவோரில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்றே. தண்டும் நரம்பும் பிரடையும் ஓரளவு சரியாகவே அமைந்துவிடும். பெட்டியின் மூடியோ சரியாகப் பொருந்தாது. நரம்பை மீட்டியவுடன் இனிய நாதத்திற்குப் பதிலாகக் கரகரவென்ற இரைச்சல் எழும். வீட்டார் சிரிப்பர். சிறுவனோ, "எனக்குக் கைவராது" என்று முடிவு கட்டி, கருவியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிடுவான். உண்மையில் அவன் திறமையில் குறையில்லை. மூடிக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையே ஒரு தாளின் கனமே உள்ள இடைவெளிதான் குற்றவாளி. அதனைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

யானைக்கவுனியும் மரப்பெட்டிகளும்

வடசென்னையில் யானைக்கவுனி என்னும் பெயரைக் கேட்டறியாதார் இலர். கவுனி என்றால் வாயில். 18-ஆம் நூற்றாண்டில் அன்றைய கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் வாயில்களுள் ஒன்று இப்பெயருக்குக் காரணமாயிற்று. அம்மதிலுக்கென ஆங்கிலேயர் விதிக்க எண்ணிய வரி வசூலிக்கப்படவேயில்லை என்பர். எனினும் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயரில் அவ்வரி இன்றுவரை வாழ்கிறது. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது கறுப்பர் நகரே ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறியது.

ஒருபுறம் சென்ட்ரல் நிலையம், மறுபுறம் பேசின் பாலம், சற்றுத் தொலைவில் துறைமுகம், அருகிலேயே சௌகார்பேட்டையின் மொத்த வணிகக் கடைகள் என்று அமைந்த இப்பகுதியில் மரத்திற்கும் பெட்டிக்கும் குறைவில்லை. மரக்கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகளும், சரக்குகள் வந்திறங்கிய பெட்டிகளும், பரிசுப் பொருள் வைத்துத் தந்த சிறு மரப்பேழைகளும் தேடுவோர்க்குக் கிடைக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கடல் கடந்து வரும் சரக்குகளைச் சுமந்த மரச்சட்டங்களிலும் பெட்டிகளிலும் பூச்சிகள் பரவாதிருக்கும் பொருட்டு, 2002-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அனைத்துலக விதிப்படி ஒரு முத்திரை இடப்பட்டிருக்கும். அதில் எச்.டி. என்னும் எழுத்துகள் இருப்பின், அம்மரம் வெப்பத்தினால் பதப்படுத்தப்பட்டது, அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருப்பின், மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை ஊட்டப்பட்டது என்று பொருள். அத்தகைய மரத்தைச் சிறுவர்கள் இழைப்பதும் தேய்ப்பதும் வேண்டாம்.

இழிவன்று, வரலாறு உடையது

பெட்டியில் செய்த கித்தாரை ஏழைச் சிறுவனின் விளையாட்டுப் பொருள் என்று எள்ளி நகைக்க வேண்டியதில்லை. அமெரிக்க நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சுருட்டுகள் சிறு மரப்பெட்டிகளில் விற்பனைக்கு வரத் தொடங்கியபோதே, காலிப் பெட்டிகளில் இசைக்கருவி செய்யும் வழக்கமும் பிறந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்நாட்டின் உள்நாட்டுப் போரை நேரில் கண்டு சித்திரித்த எட்வின் ஃபோர்ப்ஸ் என்னும் ஓவியர், பாசறையில் ஒரு போர்வீரன் சுருட்டுப் பெட்டியாலான பிடிலை வாசிக்கும் காட்சியை 1876-இல் வெளியிட்டார். டேனியல் பியர்டு என்பவர் 1880-களில் சுருட்டுப் பெட்டியில் பாஞ்சோ செய்யும் முறையைச் சிறுவர்க்கென எழுதினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற லைட்னிங் ஹாப்கின்ஸ், கார்ல் பெர்கின்ஸ் போன்ற இசைக்கலைஞர்கள் சிறு வயதில் முதன்முதலாகத் தொட்டவை இத்தகைய கருவிகளே.

சுருட்டுக்கு நம் நாடும் பெயர்பெற்றதுதான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் உருவான சுருட்டுகள் இங்கிலாந்துவரை சென்றன. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் ஒரு தடயமாக இடம்பெறுகிறது.

மூடியே குரல்

கித்தாரின் ஒலி எங்கிருந்து பிறக்கிறது? நரம்பிலிருந்து என்று உடனே விடை கூறுவோம். இது பாதி உண்மையே. வெறும் நரம்பு மெல்லியது. அது அசைக்கும் காற்று மிகச் சிறிது. சுவரில் இரு ஆணி அடித்து ஒரு கம்பியைக் கட்டி மீட்டிப் பாருங்கள். ஒலி அடுத்த அறைக்கும் எட்டாது. நரம்பின் அதிர்வு, குதிரை எனப்படும் சிறு தாங்கியின் வழியாக மூடிப்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற பலகை அதிரும்போது மிகுந்த காற்று அசைகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒலித்துளையின் வழியே உள்ளும் புறமுமாக அசைந்து, தாழ்ந்த சுரங்களுக்கு வலிமை ஊட்டுகிறது.

இதனை மெய்ப்பித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுக் கித்தார்க் கலைஞர் அந்தோனியோ தெ தோரெஸ். 1817-இல் பிறந்து 1892-இல் மறைந்த இவரே இன்றைய கித்தாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர். 1862-இல் அவர் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழினாலேயே செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து ஒரு கித்தாரை உருவாக்கினார். ஒலியின் தன்மையைத் தீர்மானிப்பதில் மேற்பலகைக்கே முதலிடம் என்பது அதனால் விளங்கிற்று. அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

நம் தஞ்சாவூர் வீணையிலும் இதே நெறியைக் காணலாம். குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுக்கப்பட்ட ஏகாண்ட வீணையாயினும், குடத்தின் வாயை மூடும் பலகை தனியே செய்து பொருத்தப்படுவதே. குதிரை அமர்வது அப்பலகையின்மீதுதான். புவிசார் குறியீடு பெற்ற இவ்வீணையைச் செய்வோர், மேற்பலகை குடத்தின் விளிம்போடு இழையும்வரை பொறுமையாகச் சீவுவர்.

பறை, தவில் முதலிய தோற்கருவிகளைக் கருதினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தோலின் நடுப்பகுதி தடையின்றி அதிர வேண்டுமாயின், அதன் ஓரம் சுற்றிலும் இறுகப் பிணிக்கப்பட்டிருக்க வேண்டும். வார் ஓரிடத்தில் தளர்ந்தாலும் நாதம் கெடும். மரமூடிக்கும் விதி இதுவே: ஓரம் அசையக் கூடாது, நடு தடைபடக் கூடாது. ஓரம் தளர்ந்த இடத்தில் பலகை விளிம்பின்மேல் தட்டித் தட்டி இரைச்சல் எழுப்பும். நரம்பு தந்த ஆற்றலும் அங்கே வீணாகும். இடுக்கின் வழியே காற்று கசிவதால் தாழ்ந்த சுரங்களும் மெலியும்.

மூடி பொருந்தாமைக்குக் காரணங்கள்

முதற் காரணம், பெட்டியின் விளிம்பு ஒரே மட்டமாக இல்லாமை. கடையில் வாங்கிய பெட்டியானாலும், நான்கு மூலைகளில் ஒன்று சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பது மிகப் பொதுவான குறை.

இரண்டாவது, மூடிப்பலகை வளைந்திருத்தல். வளைந்த மூடியைத் திருகாணியால் இழுத்துப் பிடித்து உட்காரவைப்பது பலர் செய்யும் தவறு. அப்போதைக்கு அது பொருந்தியதாகத் தோன்றும். ஆனால் பலகைக்குள் அடங்காத இழுவிசை தங்கிவிடும். ஒலி இறுகி ஒடுங்கும். சில வாரங்களில் ஏதேனும் ஒரு மூலை வாய் திறக்கும்.

மூன்றாவது, பருவநிலை. மரம் வெட்டிய பின்னரும் ஈரத்தை உண்டு உமிழ்ந்துகொண்டேயிருக்கும். இழையின் நீளவாட்டில் அது ஏறத்தாழ மாறுவதில்லை. குறுக்குவாட்டில் பெருத்தும் சுருங்கியும் போகும். பத்து அங்குல அகலமுள்ள ஒற்றைப் பலகை, மழைக்காலத்திற்கும் வறண்ட காலத்திற்கும் இடையே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்வரை மாறக்கூடும். கடற்காற்றில் நனையும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதனை மறத்தல் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமுண்டு பெருத்திருக்கும் பலகையை ஒட்டிவிட்டால், அது பின்னர் உலர்ந்து சுருங்க முயலும். ஓரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் நடுவே வெடிப்பு காணும். உலர்ந்த நாள்களில் ஒட்டிய மூடியோ மழைக்காலத்தில் சற்று உப்புமேயன்றி வெடிக்காது. தேர்ந்த கித்தார்க் கலைஞர்கள் காற்றின் ஈரம் நூற்றுக்கு 45 முதல் 50 அளவில் இருக்கும் அறையில் ஒட்டுவதும், மேற்பலகையைச் சிறிதளவு குவிவாக அமைப்பதும் இக்காரணம் பற்றியே.

காசிமேட்டில் மரப்படகு கட்டுவோர் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்து அடைப்பர். நீரில் இறங்கியதும் மரம் பெருத்து அத்திரியை இறுக்கிக்கொள்ளும். அதைக் கண்டு, கித்தார்ப் பெட்டியின் இடைவெளியையும் மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். படகுக்குத் தேவை நீர் புகாமை. இங்கோ மரம் மரத்தோடு நேரே தொட்டு நிற்க வேண்டும். இடுக்கில் நிரப்பிய குழம்பு உலர்ந்து உதிரும். மீண்டும் இரைச்சல் தொடங்கும்.

செய்முறை

முதலில் மூடியையும் பெட்டியையும் ஒரே அறையில், தரையில் படாமல், இரு வாரங்கள் வைத்திருங்கள். இரண்டும் ஒரே ஈரநிலைக்கு வரட்டும். மூடிக்குச் சந்தனவேம்புப் பலகை சிறந்தது. சுருட்டுப் பெட்டிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மரம் அது. கிடைக்காவிடில் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல ஒட்டுப்பலகையே போதும். அதன் அடுக்குகள் ஒன்றற்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் பருவமாற்றத்தில் அதிகம் அசையாது. ஒற்றைப் பலகை கிண்ணம் போல் வளைந்திருந்தால், குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, குவிந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்கள், பெரும்பாலும் நேராகிவிடும்.

அடுத்தது பெட்டியின் விளிம்பு. மெல்லிய பக்கப்பலகையின் விளிம்பு மூன்று, நான்கு மில்லிமீட்டரே இருக்கும். பசை பிடிக்க அவ்விடம் போதாது. எனவே, அரை அங்குல அகலமுள்ள ரீப்பர்த் துண்டுகளை உட்புறத்தில் சுற்றிலும், விளிம்போடு மட்டமாக ஒட்டிக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் கித்தார்களின் உள்ளேயும் இத்தகைய பட்டை ஓடுவதைத் துளையின் வழியே காணலாம்.

பின்னர் விளிம்பை மட்டப்படுத்த வேண்டும். பெட்டியைவிடப் பெரிய, நேரான பலகையின்மீது உப்புத்தாளை ஒட்டுங்கள். விளிம்பு முழுவதிலும் பள்ளிச் சுண்ணக்கட்டியைத் தடவி, பெட்டியைக் கவிழ்த்து, அத்தாளின்மேல் வட்டமாகத் தேய்த்து எடுங்கள். உயர்ந்த இடங்களில் சுண்ணம் அழிந்திருக்கும். தாழ்ந்த இடங்களில் அப்படியே நிற்கும். எங்கும் சுண்ணம் ஒரே சீராக அழியும்வரை தேய்ப்பதைத் தொடருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரு நூல்களை இழுத்துக் கட்டினால், அவை நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுச் செல்ல வேண்டும். இடைவெளியிருந்தாலும், ஒன்று மற்றொன்றை அழுத்தினாலும், விளிம்பு இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அறிக.

தண்டு பெட்டியின் ஊடே முழுவதும் செல்வதாக இருக்கட்டும். எஃகு நரம்புகள் மூன்றைக் கட்டினால் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ இழுவிசை உண்டாகும். அதனைத் தாங்க வேண்டியது தண்டே. மூடி குதிரையின் அழுத்தத்தை மட்டுமே ஏற்க வேண்டும். மூடிக்கு அடியில் செல்லும் பகுதியில் தண்டை மூன்று மில்லிமீட்டர் ஆழம் செதுக்கிவிடுங்கள். இல்லையேல் தண்டு மூடியின் நடுவைத் தொட்டு, அதிர்வை அடக்கிவிடும். ஓரத்தை எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் பிறகு பயனிராது.

ஒட்டுவதா, திருகுவதா?

கீலும் கொண்டியும் உள்ள பெட்டியானால், அவ்விரண்டையும் கழற்றிவிடுவதே நல்லது. அவை மீட்டுந்தோறும் கலகலக்கும்.

உள்ளே மீண்டும் கைவைக்க வேண்டியிராது என்ற உறுதியிருந்தால் ஒட்டிவிடலாம். கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை போதுமானது. ஆயின் முதலில் பசையின்றி மூடியை வைத்து, விரலால் மெல்ல அழுத்தியதும் எங்கும் தானாகவே அமர்கிறதா என்று பாருங்கள். வலிந்து அழுத்தினால்தான் அமரும் என்றால் விளிம்பு வேலை முடியவில்லை. பசையை மெல்லியதாகத் தடவி, மூடியை வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டைகளாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். விலை உயர்ந்த இறுக்கிகள் இல்லாத இல்லத்திற்கு இதைவிடச் சிறந்த கருவியில்லை. அழுத்தம் எங்கும் சீராக விழும். ஒரு நாள் முழுவதும் அவிழ்க்க வேண்டாம். பழந்தச்சர் கையாண்ட வச்சிரப் பசைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. வெப்பமும் ஈரமும் காட்டினால் அது இளகும். எனவே பின்னாளில் மூடியை உடைக்காமல் திறந்து பழுதுபார்க்கலாம்.

முதன்முதலாகச் செய்வோர்க்கு எட்டுச் சிறு திருகாணிகளே ஏற்றவை: மூலைக்கொன்று, பக்கத்தின் நடுவில் ஒவ்வொன்று. திருகாணிக்கு முன்னரே சிறு துளை இடுங்கள். இல்லையேல் மெல்லிய விளிம்பு பிளக்கும். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். இறுக்கமாக உணர்ந்ததும் நிறுத்துங்கள்.

சோதித்தல்

இருட்டறையில், ஒட்டுமுன் பெட்டிக்குள் ஒரு சிறு கைவிளக்கை ஏற்றி வைத்து, ஒலித்துளையைத் துணியால் மூடி, சுற்றிலும் நோக்குங்கள். ஒளி கசியும் இடமே காற்றும் ஒலியும் கசியும் இடம். அடுத்து ஒரு தாள்துண்டை விளிம்பெங்கும் நுழைக்க முயலுங்கள்; எங்கும் நுழையக் கூடாது. நரம்பு கட்டியபின் இரைச்சல் கேட்குமானால், ஒருவர் மீட்டிக்கொண்டிருக்க, மற்றொருவர் பெருவிரலால் மூடியின் ஓரத்தை அங்குலம் அங்குலமாக அழுத்திச் செல்லட்டும். எந்த இடத்தில் அழுத்தியதும் இரைச்சல் நிற்கிறதோ, பழுது அங்கேயே உள்ளது. அவ்விடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். முழுக்கருவியையும் பிரிக்க வேண்டியதில்லை. ஓரமெங்கும் அழுத்தியும் இரைச்சல் நிற்காவிடில், நரம்பு தண்டைத் தொடுகிறதா, பிரடை தளர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மேலே சொன்ன சோதனைக்கு இருவர் வேண்டும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மீட்டுகிறவன் ஒருவன், விரலால் தேடுகிறவர் மற்றொருவர். அந்த இரண்டாமவர் தந்தையாகவோ, தாயாகவோ, பாட்டனாராகவோ இருக்கட்டும். பெரம்பூர் இரயில் பணிமனைகளிலும், துறைமுகத்திலும், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற கைகள் நம் இல்லங்களில் எத்தனையோ உள்ளன. அளவறிந்து வெட்டவும், மட்டம் பார்க்கவும், அளவோடு முறுக்கவும் அறிந்த கைகள் அவை. தொலைக்காட்சியின் முன் அவை மடங்கிக் கிடப்பதும், அடுத்த அறையில் பேரன் பொருந்தாத மூடியோடு போராடி மனம் கசந்து போவதும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

கரகரக்கும் பெட்டியைக் கண்டு, "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று கேட்பது எளிது. "கொண்டு வா, எங்கே இடைவெளி என்று பார்ப்போம்" என்று சொல்வதற்குச் சற்று நேரம் செலவாகும், அவ்வளவே. அப்பிள்ளை நாளை பெரிய இசைவாணனாக வருவான் என்று நாம் உறுதி கூறவில்லை. தன் கையால் செய்த ஒன்று முதலில் சரியாக அமையாதபோது, அதைத் தூக்கியெறியாமல், பழுது எந்த அங்குலத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு வாய்க்கும். பாடகர் குழுவிலோ, பணிமனையிலோ, நாளைய அவன் குடும்பத்திலோ அப்பழக்கம் அவனுக்குப் பெரிதும் துணைநிற்கும்.

வரும் கோடை விடுமுறையில் காற்று உலர்ந்திருக்கும், பிள்ளைகளும் வீட்டிலிருப்பர். ஒரு பெட்டியும், ஒரு தாள் உப்புத்தாளும், ஒரு துண்டு சுண்ணக்கட்டியும் எடுத்து வைத்துத் தொடங்குங்கள்.